ஆவிக்குரிய புஸ்தகம்னு யாராச்சும் கையில குடுத்தா, அதுல உள்ள வசனத்த முழு அதிகாரத்தோட வாசிங்க

அம்மாக்கு சுகர் வந்து ரொம்ப வருஷம் ஆச்சு. முதல்ல மாத்திரை, அப்புறம் இன்சுலின் ஊசி, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. எங்க வீடு கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல் பக்கம். அப்பா இல்ல, எனக்க வீட்டுக்காரர் சவுதில, தம்பி சென்னையில, வீட்டுல நானும் அம்மாவும் எனக்க பையனும் மட்டும்தான். ஒரு ஐப்பசி மழை சமயத்துல அம்மாக்க வலது கால்ல சுண்டுவிரல் பக்கத்துல சின்னதா ஒரு புண்ணு வந்துச்சு. செருப்பு கடிச்சிருக்கும்னு மஞ்சள் வச்சு கட்டிட்டு விட்டுட்டாங்க. வலிக்கவே இல்லன்னு சொன்னாங்க, வலிக்கலன்னா நல்லதுதானேன்னு நானும் நெனச்சேன். சுகர் நாள்பட்டவங்களுக்கு பாதத்துல உணர்ச்சி செத்துப்போகும், முள்ளு குத்தினா கூட தெரியாது, ரத்த ஓட்டமும் கொறஞ்சு போறதால புண்ணு லேசுல ஆறாதுன்னு எனக்கு அப்போ யாரும் சொல்லி தரல. வலி இல்லாத புண்ணுதான் பயப்படவேண்டிய புண்ணு, இத மொதல்லயே சொல்லிடுறேன்.

அந்த சமயத்துலதான் புஸ்தகங்க வீட்டுக்கு வந்துச்சு. எங்க சபையில உள்ள ஒரு மாமி, ரொம்ப அன்பானவங்க, நாங்க ரெண்டு பேரும் காய்ச்சல்ல கெடந்தப்போ கஞ்சியும் பயறும் கொண்டு தந்தவங்க, அவங்கதான் ஒரு துணிப்பை நெறைய புஸ்தகம் கொண்டு வந்தாங்க. எல்லாம் தெய்வீக சுகம், ஆசீர்வாதம், பரம்பரை சாபத்த முறிக்கறது, இப்படி. எழுதினவரு பேரு நான் சொல்ல போறதில்ல, எங்க ஊர்க்காரரும் இல்ல. அம்மாக்கு ஒரு கண்ணுல புரை, மத்த கண்ணும் மங்கல், அதனால ராத்திரி குடும்ப ஜெபம் முடிஞ்ச பிறகு நாந்தான் சத்தமா வாசிச்சு காட்டுவேன். சொல்லணும்னா முதல் கொஞ்ச நாள் நல்லாதான் இருந்துச்சு. அம்மா முகத்துல ஒரு தெளிச்சல் வந்துச்சு, கண்ண மூடி கேட்டுட்டு ஆமென் ஆமென்னு சொல்லுவாங்க. நானும் அப்பா போன பிறகு வீட்டுல அப்படி ஒரு நம்பிக்கையான பேச்சு கேட்டதில்ல, எனக்கும் ஆசையா இருந்துச்சு.

அந்த புஸ்தகங்க சொன்னது சுருக்கமா இதுதான். நீ சுகமாயிட்டேன்னு வாயால அறிக்கை பண்ணு, வியாதின்னு வாயில எடுக்காத, எடுத்தா அது நெலச்சுடும். சுகம் வரலன்னா உன் விசுவாசத்துல குறை இருக்கு, இல்லன்னா உன் முன்னோர் பண்ணினது ஏதோ உன்ன புடிச்சிருக்கு. மருந்த விடுன்னு நேரா எந்த பக்கத்துலயும் எழுதல, ஆனா மருந்து விசுவாசம் கொறஞ்சவங்களுக்குன்னு ஒரு வரி வரும், ஊசிய தூக்கி எறிஞ்ச ஒரு அம்மாவோட சாட்சி பக்கத்துலயே வரும். ஒவ்வொரு பக்கத்துலயும் நாலஞ்சு வசனம் போட்டிருக்கும், அதனால பைபிளே பேசுற மாதிரி இருக்கும். கடைசி பக்கத்துல விதை காணிக்கை, அதாவது குடுத்தா பல மடங்கா திரும்பி வரும்னு சொல்லி கேக்குற பணம், அனுப்புறதுக்கு பேங்க் அக்கவுண்ட் நம்பர். அம்மா சொன்னாங்கன்னு பதினஞ்சாயிரம் ரூவா அனுப்பினேன், அது பையனுக்க ஸ்கூல் பீஸுக்கு அவரு சவுதில இருந்து அனுப்பினது. மாமி தந்த புஸ்தகம் முடிஞ்ச பிறகு மேற்கொண்டு வாங்கினதுக்கும் ஒரு மூவாயிரம் போச்சு.

இதுக்கு இடையில அம்மாவ மாசாமாசம் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போயிட்டுதான் இருந்தேன். சுகர் ஏறிட்டே போகுது, டாக்டர் கேக்குறாரு, ஊசி ஒழுங்கா போடுறீங்களா, அம்மா ஆமா சார்னு சொல்றாங்க, அவரு டோஸ கூட்டி எழுதுறாரு. அம்மா பல வருஷமா தானே போட்டு பழகினவங்க, கண்ணு மங்கினாலும் சிரிஞ்சுல எத்தனை கோடுன்னு கைப்பழக்கத்துல தெரியும், நான் பக்கத்துல நின்னு பாத்ததில்ல. ஒருநாள் பிரிட்ஜ் கதவுல முட்டைக்கு பக்கத்துல இருக்குற இன்சுலின் குப்பிய எடுத்து வெளிச்சத்துல பாக்குறேன், மூடி கூட கழத்தல, நெறஞ்சு கெடக்கு. பழைய அட்டைப்பெட்டில கிடந்த இன்னொண்ணும் அப்படியே இருக்கு. கை கால் எல்லாம் வெறச்சு போச்சு எனக்கு. அம்மாகிட்ட கேட்டா, "சுகமாயிட்டேன்னு வாயில சொல்லிட்டு பொறத்தால போய் ஊசி குத்தினா அது என்ன விசுவாசம் மக்களே?"ன்னு அமைதியா கேக்குறாங்க. அவங்க கேட்டதுல நியாயம் இருந்துச்சு, நான் வாசிச்சு காட்டினத அவங்க அப்படியே நம்பி நடந்திருக்காங்க.

அதுக்குள்ள காலு கெட்டுப்போச்சு. கட்ட அவுத்தா நாத்தம், சுண்டுவிரல் கறுத்து கெடக்கு. அன்னைக்கு ராத்திரியே காய்ச்சலும் நடுக்கமும் வந்து பேச்சு கொழற ஆரம்பிச்சுடுச்சு, தெருவுல ஒரு அண்ணன் ஆட்டோ எடுத்து வந்து கொண்டு போனாரு. சுகர் ஐநூற தாண்டி இருந்துச்சு. கிருமி எலும்பு வரைக்கும் போயிடுச்சுன்னு சொல்லி ரெண்டு விரல எடுத்தாங்க, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா முழங்காலுக்கு கீழ எடுக்க வேண்டி வந்திருக்கும்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரி செலவு ஒண்ணே முக்கால் லட்சம், எனக்க தாலிச்செயின் தவிர மத்த நகை எல்லாம் அடகுக்கு போச்சு, அதுக்கு வட்டி இப்பவும் கட்டிட்டு இருக்கேன்.

பணத்த விட என்ன ஒடச்சது வேற. ஆபரேஷன் முடிஞ்சு கண்ண முழிச்சப்போ அம்மா கேட்ட முதல் கேள்வி, "எனக்க விசுவாசம் கொறஞ்சு போச்சா மக்களே?" அறுவது வருஷமா கோயிலுக்கு போற மனுஷி, அப்பா சாகுறப்போ கூட பாட்டு பாடி அனுப்பினவங்க. அவங்களுக்கு விரல் போனது கவலை இல்ல, கர்த்தர் தன்ன தள்ளிட்டாருன்னு கவலை. எனக்கு அப்படி ஒரு கோவம். எழுதினவரு மேல, மாமி மேல, கடவுள் மேலயும். ஆஸ்பத்திரி பெட்டுக்கு கீழ பாய விரிச்சு படுத்துகிட்டு ஜெபம் பண்ண வாய தொறந்தா வார்த்தை வராது. யார்கிட்டயும் சொல்லவும் முடியல. சபையில சொன்னா அம்மாவ அவிசுவாசின்னு பேசுவாங்களோன்னு பயம், வெளிய சொன்னா கிறிஸ்தவங்களே இப்படித்தான்னு சொல்லிடுவாங்களோன்னு பயம், வீட்டுக்காரர்கிட்ட போன்ல சொன்னா அங்க தூங்க மாட்டாரு. 

அப்போ பையில அந்த புஸ்தகத்துல ஒண்ணும் அம்மாக்க பெரிய எழுத்து பைபிளும் இருந்துச்சு. தூக்கம் வராத ஒரு ராத்திரி, பையனுக்க பழைய ரூல் நோட்ட எடுத்து, புஸ்தகத்துல இருக்குற ஒவ்வொரு வசனத்தையும் எழுதி, பைபிள்ல அந்த இடத்த எடுத்து அதிகாரத்த மொதல்ல இருந்து கடைசி வரை வாசிச்சு, யாரு சொன்னது, யாருகிட்ட, எதுக்காகன்னு பக்கத்துல எழுத ஆரம்பிச்சேன். எனக்கு வேதாகம கல்லூரி படிப்பெல்லாம் இல்ல, பி.காம் தான். கோவத்துல ஆரம்பிச்சதுதான் அது.

முதல் அடி யோபு 22:28. "நீர் ஒரு காரியத்தை நிர்ணயம்பண்ணினால், அது உமக்கு நிலைவரப்படும்." அறிக்கை பண்ணினா நடக்கும்னு சொல்றதுக்கு அந்த புஸ்தகத்துக்கே அஸ்திவாரம் மாதிரி இந்த வசனம்தான், திரும்ப திரும்ப வரும். அதிகாரத்த எடுத்தா, இத சொல்றது கர்த்தர் இல்ல, யோபுக்க சிநேகிதன் எலிப்பாஸ். தப்பு பண்ணாமலே பிள்ளைங்களையும் சொத்தையும் இழந்து, புண்ணுல சீழ் வடிய உக்காந்திருக்குற யோபுகிட்ட, நீ ஏதோ பெரிய பாவம் பண்ணிருக்க, மனந்திரும்பு, எல்லாம் சரியாகும்னு சொல்ற பேச்சுல வர்ற வரி அது. அப்படியே கடைசிக்கு போனா 42:7ல கர்த்தர் இதே எலிப்பாச பேர் சொல்லி, "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை"ன்னு கோவப்படுறாரு. வாசிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன். கர்த்தர் தப்புன்னு சொன்ன பேச்ச வாக்குத்தத்தம்னு நாங்க ராத்திரி ராத்திரி அறிக்கை பண்ணிட்டு இருந்திருக்கோம். அதுவும் அம்மா கால்ல புண்ணோட உக்காந்துகிட்டு.

நம்ம மாவட்டத்துல வீடு பால்காய்ப்பு, கடை திறப்பு நோட்டீஸ்ல எல்லாம் "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்"னு போடுறோம்ல, யோபு 8:7, அதுவும் அதே கதைதான். சொன்னது யோபுக்க இன்னொரு சிநேகிதன் பில்தாத். உன் பிள்ளைங்க பாவம் பண்ணினதால செத்தாங்கன்னு ஒரு தகப்பன்கிட்ட சொல்லிட்டு அதுக்கு கொஞ்சம் கீழ சொல்ற வரி. யோபுக்க முடிவு உண்மையிலயே நல்லாதான் இருந்துச்சு, அது சரிதான், ஆனா பில்தாத் சொன்ன காரணத்துக்காக இல்ல. வசனத்துக்கு நம்பர் போட்டது ரொம்ப பிந்திதான், புதிய ஏற்பாட்டுக்கு இப்போ இருக்குற வசன எண் 1551ல தான் வந்துச்சு. பவுல் அப்போஸ்தலர் சபைகளுக்கு எழுதினப்போ அது ஒரு முழு கடிதம். நம்பர் வந்தது தேடி எடுக்கறதுக்கு வசதி, ஆனா ஒரு வரிய மட்டும் நறுக்கி எடுக்கவும் அதுவே வசதியா போச்சு. அதனால எந்த புஸ்தகத்துல வசனம் போட்டிருந்தாலும் அதுக்கு முந்தின அதிகாரத்துல இருந்தே வாசிங்க. யாரு பேசுறாங்கன்னு மட்டும் பாத்தா கூட பாதி குழப்பம் தீரும்.

அடுத்த ராத்திரி ஏசாயா 38. எசேக்கியா ராஜா சாக கெடக்குறாரு, அழுது ஜெபம் பண்றாரு, கர்த்தர் பதினஞ்சு வருஷம் கூட்டி தர்றேன்னு வாக்கு குடுக்குறாரு. வாக்கு குடுத்தாச்சு, இனி மருந்து எதுக்கு? ஆனா அதே அதிகாரம் 21ம் வசனத்துல ஏசாயா தீர்க்கதரிசி சொல்றாரு, அத்திப்பழத்து அடைய கொண்டு வந்து பிளவை மேல பத்து போடுங்க, அப்போ பிழைப்பாருன்னு. பிளவைன்னா புண்ணு. கர்த்தர் சுகம் தர்றேன்னு சொன்ன பிறகும் புண்ணுக்கு மருந்து கட்டினாங்க. இத விடிகாலைல அம்மாக்கு வாசிச்சு காட்டினேன். திரும்ப வாசின்னாங்க, திரும்ப வாசிச்சேன். அப்புறம் நர்ஸ் ஊசியோட வந்தப்போ எதுவும் சொல்லாம கைய நீட்டினாங்க. ரெண்டு தீமோத்தேயு 4:20ல பவுல் "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்"னு எழுதுறாரு. எவ்வளவோ பேர சுகமாக்கின பவுல், கூட ஊழியம் செஞ்சவன வியாதியோட விட்டுட்டு வந்திருக்காரு, அவன் விசுவாசம் சரியில்லன்னு ஒரு வார்த்தை எழுதல. தீமோத்தேயு வயித்துக்கு கொஞ்சம் திராட்சரசம் சேத்துக்கோன்னு எழுதினதும் அதே பவுல்தான். எபிரெயர் 11ல விசுவாசத்தால ஜெயிச்சவங்க பட்டியல் போயிட்டே இருக்கும்போது 35ம் வசனத்துல பாதில "வேறு சிலர்"னு திரும்பும், அடி வாங்கினவங்க, கொல்லப்பட்டவங்க. அவங்களும் அதே விசுவாசப் பட்டியல்லதான் இருக்காங்க. அம்மாக்கு நான் வாசிச்சு காட்டின எந்த புஸ்தகத்துலயும் அந்த வேறு சிலருக்கு இடம் இல்ல. இப்போ நான் எந்த ஆவிக்குரிய புஸ்தகம் எடுத்தாலும் முதல்ல தேடுறது இதுதான், சுகம் கெடைக்காத ஒரு நல்ல விசுவாசி இதுல எந்த பக்கத்துலயாவது இருக்காங்களா?

பரம்பரை சாபத்துக்கு யாத்திராகமம் 20:5 எடுத்து போட்டிருந்தாங்க, மூணாம் நாலாம் தலைமுறைன்னு. அடுத்த வசனத்துலயே ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம்னு இருக்கு, அத விட்டுட்டாங்க. எசேக்கியேல் 18 முழுக்க இந்த கேள்விக்குதான் பதில், குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்த சுமப்பதில்லைன்னு. யோவான் 9ல பிறவிக்குருடன பாத்து சீஷருங்க யார் செஞ்ச பாவம்னு கேக்க, இவன் செஞ்ச பாவமும் இல்ல, பெத்தவங்க பாவமும் இல்லன்னு இயேசுவே சொல்லிட்டாரு. எங்க பாட்டா கள்ளு குடிச்சதுதான் அம்மாக்க கால்ல வந்திருக்குன்னு நாங்க அழுது ஜெபம் பண்ணினது நெனச்சா நெஞ்சு எரியுது.

சுகம் கெடைக்காதுன்னு நான் சொல்ல வரல. யாக்கோபு 5ல மூப்பர வரவழைச்சு எண்ணெய் பூசி ஜெபம் பண்ண சொல்லிருக்கு, எங்க சபை ஐயர், அதாவது போதகர், ஆஸ்பத்திரிக்கு வந்து அப்படி ஜெபம் பண்ணினாரு, அம்மா பிழைச்சது கர்த்தர் கிருபைன்னு நான் மனசார நம்புறேன். டாக்டர் கைலயும் அதே கிருபைதான் வேலை செஞ்சுச்சு. நம்ம ஊருக்கு பைபிள கொண்டு வந்த அதே மிஷனரிங்கதான் நெய்யூர்ல 1838ல ஆஸ்பத்திரி வேலைய ஆரம்பிச்சாங்க. 1922லயும் 1924லயும் எவரெஸ்ட் ஏறப்போன குழுவுல இருந்த சாமர்வெல் டாக்டர், அந்த பேர எல்லாம் விட்டுட்டு நெய்யூர்ல வந்து வருஷக்கணக்கா ஆபரேஷன் பண்ணினாரு. ஜெபம் பண்ணிட்டுதான் கத்திய எடுத்தாங்க. நாகர்கோவில்ல அச்சுக்கூடம் வச்சு புஸ்தகம் போட்டதும் அதே கூட்டம்தான். மருந்தும் வேதமும் ஒரே வழில வந்த மாவட்டத்துல ஒண்ண காட்டி ஒண்ண விட சொல்றதுக்கு யாரு இவங்க?

புஸ்தகத்துல வர்ற சாட்சிகள பத்தியும் சொல்லணும். ஊர் பேரு இருக்காது, வருஷம் இருக்காது, "ஒரு சகோதரி"ன்னு இருக்கும், என்ன டெஸ்ட் எடுத்தாங்க, அப்புறம் எத்தனை நாள் நல்லா இருந்தாங்கன்னு இருக்காது. சுகர் ஒரு வாரம் ஊசி போடாட்டியும் வெளிய ஒண்ணும் தெரியாம இருக்கலாம், உள்ளுக்குள்ள அது வேலைய பாத்துட்டே இருக்கும், சாட்சி சொன்ன அம்மா அடுத்த மாசம் எப்படி இருந்தாங்கன்னு யாரு எழுதுவாங்க. அப்புறம் வசனத்துக்கு நடுவுல புள்ளி புள்ளியா வச்சு விட்டிருந்தா, அந்த விட்ட பகுதியதான் முதல்ல போய் வாசிக்கணும். கடைசி பக்கத்துல பணம் கேட்டு, குடுத்தா இன்னது கெடைக்கும்னு எழுதிருந்தா அந்த புஸ்தகத்த மூடிடுங்க, இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. வாசிச்சு முடிச்ச பிறகு உங்க மனசு எப்படி இருக்குன்னும் பாருங்க, பக்கத்து படுக்கைல உள்ளவங்கள பாத்து இரக்கம் வருதா, இல்ல இவங்க என்ன பாவம் பண்ணினாங்களோன்னு தோணுதா? எனக்கு ரெண்டாவதுதான் தோணுச்சு, ஆஸ்பத்திரி வார்டுலயே.

பழைய பைபிள் தமிழ் கடினமா இருந்தா வேற மொழிபெயர்ப்பையும் பக்கத்துல வச்சுக்கோங்க. நம்ம சபைங்கள்ல வாசிக்கறது 1871ல வந்த மொழிபெயர்ப்போட வழிதான், அழகா இருக்கும், ஆனா ரோமரெல்லாம் நீள நீள வாக்கியம், மூச்சு முட்டும். பக்கத்து வீட்டு அக்கா ஆர்.சி., கத்தோலிக்க சபை, அவங்ககிட்ட 1995ல வந்த திருவிவிலியம் இருந்துச்சு, அத வாங்கி வாசிச்சப்போ பல இடம் சட்டுனு விளங்கிச்சு. அதுல நம்ம பைபிள்ல இல்லாத சீராக்கின் ஞானம்னு ஒரு ஆகமம் உண்டு, 38ம் அதிகாரத்துல மருத்துவர மதி, ஆண்டவரே அவர படைச்சார்னு வரும். நம்ம சபையில அத வேதமா எடுக்க மாட்டோம்னாலும், அந்த காலத்து பக்தியுள்ளவங்க மருத்துவர பத்தி என்ன நெனச்சாங்கன்னு தெரிஞ்சுக்கலாம்ல.

இன்னொண்ணு, உலக புஸ்தகம் வாசிக்காதன்னு சொல்றவங்க. டிஸ்சார்ஜ் ஆகறப்போ சுகர் உள்ளவங்க பாதத்த எப்படி பாத்துக்கணும்னு ஆஸ்பத்திரில ஒரு சின்ன புஸ்தகம் தந்தாங்க, பத்து பக்கம் கூட இருக்காது. தெனம் கண்ணாடி வச்சு உள்ளங்கால பாருங்க, வெறுங்காலோட நடக்காதீங்க, விரலிடுக்கு ஈரமில்லாம தொடைங்கன்னு. அது முன்னாடியே கைல கெடச்சிருந்தா அம்மாக்கு விரல் இருந்திருக்கும். பவுல் ஏதென்ஸ்ல பிரசங்கம் பண்ணினப்போ "உங்கள் புலவர்களிலும் சிலர்"னு கிரேக்க கவிஞன் வரிய எடுத்து பேசினாரு, தானியேல் கல்தேயரோட எழுத்த எல்லாம் படிச்சவரு. பெரோயா ஊர்க்காரங்க பவுல் சொன்னதையே தெனமும் வேதத்த ஆராய்ஞ்சு சரியான்னு பாத்தாங்க, அவங்கள நற்குணசாலிகள்னு அப்போஸ்தலர் 17:11 மெச்சுது. பவுலயே சோதிச்சு பாக்கலாம்னா அட்டைல கோட்டு போட்டு நிக்கிறவர சோதிக்க கூடாதா? கிறிஸ்தவ புஸ்தகம்னு அட்டைல இருக்கறதால சோதிக்காம விடவும் வேண்டாம், இல்லாததால வாசிக்காம ஒதுக்கவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு நோட்ட எடுத்துட்டு மாமி வீட்டுக்கு போனேன். சண்டை போடத்தான் போனேன், அவங்க அழுதத பாத்து போடல. அவங்க தங்கச்சியும் இதே மாதிரி பிரஷர் மாத்திரைய விட்டு படுத்தவங்களாம், அவங்களும் யார்கிட்டயும் சொல்லல. அவங்க ஒரு வீட்டுல, நாங்க ஒரு வீட்டுல, ஆளுக்கொரு மூலைல இருந்து அழுதிருக்கோம். இப்போ வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலஞ்சு பொம்பளைங்க சேந்து வாசிக்குறோம். யாரு புஸ்தகம் கொண்டு வந்தாலும் வசனத்த ஒருத்தங்க எடுத்து அதிகாரத்தோட வாசிக்கணும், மத்தவங்க கேள்வி கேக்கணும், அவ்வளவுதான் சட்டம். போன மாசம் வந்த ஒரு புஸ்தகம் நல்ல புஸ்தகம், வசனமெல்லாம் அதது இருக்குற இடத்துல சரியா இருந்துச்சு, ஆளுக்கொரு காப்பி வாங்கினோம்.

உங்க வீட்டுல இப்போ இப்படி யாராவது இருந்தா, முதல்ல வாதாடாதீங்க, புஸ்தகத்த பிடுங்கவும் செய்யாதீங்க, பிடுங்கினா மறைச்சு செய்வாங்க. மாத்திரை அட்டைய எண்ணி பாருங்க, குப்பில மருந்து எறங்கியிருக்கான்னு பாருங்க, வீட்டுலயே சுகர் பாக்குற மெஷின் ஆயிரம் ரூவா பக்கம் வரும், ஒண்ணு வாங்கி வச்சிருங்க. பாதத்த நீங்களே கையால தொட்டு பாருங்க. மருந்து நிறுத்தினது தெரிஞ்சா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க, சங்கடப்படாதீங்க. ஊசி போடுறாங்கன்னு நம்பி அவரு டோஸ கூட்டி எழுதிருப்பாரு, திடீர்னு அந்த கூட்டின டோஸ போட்டா சுகர் ஒரேயடியா எறங்கி மயங்கி விழுந்துடுவாங்க, அது இன்னும் ஆபத்து. எங்க டாக்டர் இத கேட்டதும் திட்டல, பழைய அளவுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிக்கலாம்னு வேற சீட்டு எழுதி தந்தாரு.